டோக்கன் பத்தொன்பது

பன்னிரு கதை நிலையத்தின் வாசலில் 'ஒரே கரு, பன்னிரண்டு இதயங்கள்' என்று பெரிய பலகை மாட்டியிருந்தது. அதைப் பார்த்து ஆஸ்பத்திரி என்று நினைத்து மாதத்துக்கு இரண்டு பேராவது படியேறி வந்து, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்பார்கள். நிலையம் காதல் கதைத் தொகுப்புகள் போடும் இடம். ஒரு கதைக்கருவைத் தேர்ந்தெடுத்துப் பன்னிரண்டு எழுத்தாளர்களிடம் கொடுப்பார்கள். பன்னிரண்டு பேரும் அதையே எழுதுவார்கள். பன்னிரண்டிலும் கடைசிப் பக்கத்தில் கல்யாணம் நடக்கும். வருஷத்துக்கு மூன்று தொகுப்பு, ஒவ்வொன்றும் தலையணை கனம்.

'ஒரே ஒரு அறை' என்று ஒரு தொகுப்பு போட்டார்கள். ஒருவரையொருவர் பிடிக்காத இருவர் வெளியூர் போன இடத்தில், விடுதியில் ஒரே ஓர் அறைதான் காலியாக இருக்கிறது. பன்னிரண்டு கதையிலும் அதே விடுதி, அதே அறை. புத்தகத்தை முழுசாகப் படித்த வாசகர் ஒருவர், "இத்தனை தடவை இடமில்லாமல் போன பிறகும் ஓட்டல்காரர் ஏன் இன்னும் ஓர் அறை கட்டவில்லை?" என்று கேட்டுக் கார்டு போட்டார். நிலையம் அந்தக் கார்டைக் 'கட்டுமானம்' என்ற கோப்பில் சேர்த்துவிட்டு அடுத்த தொகுப்புக்குப் போயிற்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நிலையத்தின் பானையில் இருந்ததே ஒரு சோறுதான். அதைப் பன்னிரண்டு தட்டில் வைத்தார்கள்.

இந்த நிலையத்தில் இருபத்து மூன்று வருஷமாக மெய்ப்புத் திருத்துபவராக இருந்தார் நம்மவர். அவரை எல்லோரும் புரூப் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். கடித்தாலும் வலிக்காது, கீழ் வரிசையில் இடது பக்கம் ஒரு பல் கிடையாது. யோசிக்கும்போது நாக்கு தானாக அந்தப் பொந்துக்குப் போய்விடும்.

அவர் மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தவள். வேலையிலும் பேச்சு, வீட்டிலும் பேச்சு. அவள் போன பிறகு வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். காலையில் "சாப்பிட்டியாம்மா?" "ம்." சாயங்காலம் "வந்துட்டியாம்மா?" "ம்." இந்த இரண்டு கேள்வியையும் இரண்டு பதிலையும் வைத்துப் பதினோரு மாதத்தை ஓட்டிவிட்டார்கள். புரூப் சார் அழவில்லை. அழ வேண்டும் என்று அவருக்கும் தெரிந்தது, ஆனால் வரவில்லை. அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. பதினோராம் நாள் வேலைக்கு வந்தபோது அவர் மேஜையில் 'பெட்டி மாறிப் போச்சு' தொகுப்பின் அறுநூறு பக்கம் இருந்தது, உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தார்.

நாற்பதாவது தொகுப்புக்குக் கரு வேண்டும் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். கருவுக்கென்றே நிலையத்தில் ஓர் அலுவலர் உண்டு. கரு மேடம் என்பார்கள். அந்த அம்மாள் மூன்று மாதமாக யோசித்து எடுத்துவந்த கருக்கள் எல்லாம் ஏற்கெனவே போட்டவையாக இருந்தன. இயக்குநர் மேஜையைத் தட்டினார்.

"முப்பத்தொன்பது தொகுப்பு போட்டிருக்கோம். நானூத்து அறுபத்தெட்டு கல்யாணம் பண்ணி வெச்சிருக்கோம். இந்த அறையில யாராவது ஒருத்தர் நிஜமா காதலிச்சுக் கல்யாணம் பண்ணியிருக்கீங்களா?"

கரு மேடம் ஜாதகம் பொருந்தி வந்தவர். சீர்மை அதிகாரி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மனித உறவில் மாறுபாடுகள் அதிகம் என்பது அவர் கருத்து. பன்னிரண்டு கதையிலும் எல்லா விவரமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். மற்றவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். கூட்டக் குறிப்பைத் திருத்துவதற்காக மூலையில் உட்கார்ந்திருந்த புரூப் சார், ஏதோ ஆள் கணக்கெடுக்கிறார்கள் என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டார்.

"நீங்களா? சொல்லுங்க, எப்படி நடந்துச்சு?"

பதினோரு மாதத்தில் அவரிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. அவர் சொன்னார்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டரின் கிளினிக். ஊசி போட்டு வெளியே பெஞ்சில் உட்கார வைப்பார்கள். கன்னம் மரத்ததும் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இவருக்குப் பத்தொன்பது. பக்கத்துப் பெண்ணுக்கு இருபது. மூன்று நாளாகப் பல்வலியில் தூங்காதவள். ஊசியில் வலி நின்றதும் உட்கார்ந்தபடியே தூங்கி இவர் தோளில் சாய்ந்துவிட்டாள். மரத்த வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் ஒழுகி இவர் சட்டை நனைந்தது. கம்பவுண்டர் பத்தொன்பது என்று கூப்பிட்டார். எழுந்தால் அவள் விழித்துவிடுவாள். இவர் வேறு யாரோ பத்தொன்பது என்பது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு இருபது என்றதும் அவள் திடுக்கிட்டு எழுந்து உள்ளே போனாள். இவருக்கு மரப்பு விட்டுப்போய், டாக்டரிடம் திட்டு வாங்கி, இன்னோர் ஊசி போட்டு, கடைசி ஆளாகப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தால், வாயில் பஞ்சோடு அவள் அதே பெஞ்சில் காத்திருந்தாள். கைக்குட்டையை நீட்டி, இவர் தோளைக் காட்டினாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் முடியாது.

"அவ வாழ்க்கையில வாய மூடிட்டு இருந்தது அந்த ஒரு நாள்தான் சார்," என்று முடித்தார்.

கரு மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநர் எழுந்து வந்து புரூப் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இதுதான்யா கரு! ஒண்ணையும் மாத்தாம அப்படியே போடறோம்."

அன்று புரூப் சார் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒரு கணக்குப் போட்டார். பன்னிரண்டு எழுத்தாளர்கள் என்றால் அவள் பன்னிரண்டு தடவை அந்தப் பெஞ்சில் வந்து உட்காருவாள். பன்னிரண்டு பேரில் ஒருத்தராவது அவளைச் சரியாகப் பிடித்துவிட மாட்டாரா? அவருக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவளே அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம், வாயைக் கோணிக் காட்டி நடித்துச் சொல்வாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். இப்போது சொல்ல ஆளில்லை, இவருக்கோ அப்படிச் சொல்ல வராது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

அடுத்த வாரம் கருத்தாள் கூட்டம். கருத்தாள் என்பது நிலையத்தின் வேதம். பன்னிரண்டு பேரும் மீறக்கூடாத பதினாறு அம்சங்களை ஒரே தாளில் அடித்துக் கொடுப்பார்கள். சம்பவத்தின் சொந்தக்காரர் என்ற முறையில் புரூப் சாருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"முதல் அம்சம், எச்சில்," என்றார் கரு மேடம். "சார், தப்பா நினைக்காதீங்க. காதல்ல எச்சிலுக்கு ஒரே ஒரு இடம்தான். அது முத்தம். அதுவும் முப்பதாம் பக்கத்துக்கு அப்புறம். இது ரெண்டாம் பக்கத்துலயே வருது."

"அப்போ என்ன பண்றது?" என்று கேட்டார் இயக்குநர்.

"கண்ணீர்னு வெச்சுக்கலாம் சார். அதுவும் தண்ணிதான், சட்டையும் நனையும்."

கண்ணீர் என்று எழுதிக்கொண்டார்கள்.

"ரெண்டாவது, சொத்தைப் பல்," என்றார் சீர்மை அதிகாரி. "முப்பத்தொன்பது தொகுப்புல நம்ம நாயகி யாருக்கும் சொத்தை கிடையாது. இப்போ திடீர்னு வந்தா பழைய நாயகிகளைப் பத்தியும் சந்தேகம் வரும்."

"பல்லு நல்லா இருந்தா அவ எதுக்கு சார் பல் டாக்டர்கிட்ட வரணும்?" புரூப் சார் மெதுவாகக் கேட்டார்.

"துணைக்கு வந்தா. தோழிக்குப் பல்வலி."

"அப்போ நாயகனுக்கு?"

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாயகனுக்கு மட்டும் சொத்தை இருக்கலாமா? நம்ம வாசகி பாவம் இல்லையா? அவர்தான் டாக்டர்!"

எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டர் என்றால் அவருக்கு டோக்கன் கிடையாது. டோக்கன் இல்லையென்றால் முறையும் இல்லை, முறை தவறவும் வழியில்லை. அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது கழன்று விழுந்தது. நாயகிக்கு ஊசி இல்லாததால் தூக்கமும் போயிற்று. தூக்கம் போனதும், அவள் எதற்குத் தோளில் சாய வேண்டும் என்ற கேள்வி வந்தது. கால் இடறி விழுகிறாள், டாக்டர் தாங்கிப் பிடிக்கிறார் என்று தீர்மானம் ஆயிற்று. பெஞ்சு மட்டமாக இருக்கிறது என்று வெல்வெட் சோபா போட்டார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே கட்டெறும்புக்குச் சேணம் கட்டினார்கள்.

"ஒண்ணையும் மாத்தாம போடறோம்னு சொன்னீங்களே சார்," என்றார் புரூப் சார்.

"மாத்தலையே! நடந்ததுக்கு நாங்க குடுக்கற மரியாதையைப் பாருங்க," என்று சீர்மை அதிகாரி தாளைத் திருப்பிக் காட்டினார். பதினாறாவது அம்சம்: டோக்கன் எண் பத்தொன்பது. ஒவ்வொரு கதையிலும் மூன்று இடத்தில் வர வேண்டும். "இது நிஜச் சம்பவம். இதுல கை வைக்க எங்களுக்கு உரிமை இல்ல."

கதைகள் வர ஆரம்பித்தன. முதல் கதையில் டாக்டருக்குக் கடல் நிறக் கண்கள். இரண்டாவதில் அவருக்குக் குதிரை இருந்தது. மூன்றாவதில் இரட்டைப் பிறவியான இரண்டு டாக்டர்கள், ஒருவர் மேல் வரிசை, ஒருவர் கீழ் வரிசை. ஏழு கதைகளில் நாயகி வாயைத் திறந்தபடி இருக்கும்போது டாக்டர் காதலைச் சொல்கிறார், அவள் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறாள். சொத்தைப் பல் கூடாது என்பதால், அந்த ஏழு பேரும் எதற்கு வாயைத் திறந்தார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. டாக்டருக்கு டோக்கன் கிடையாது, நாயகிக்கும் கிடையாது. ஆகவே பத்தொன்பது என்ற எண் தோழிக்குப் போயிற்று, காருக்குப் போயிற்று, ஒரு கதையில் நாயகியின் வயதாயிற்று.

புரூப் சார் எல்லாவற்றையும் படித்தார். ஒவ்வொரு கதையைத் திறக்கும்போதும், இதிலாவது அவள் இருக்கிறாளா என்று ஒரு கண் தேடியது. ஒன்பதாவது கதையை எழுதிய அம்மாள் கைதவறி ஒரு வரி எழுதியிருந்தார்: 'வாய் லேசாகத் திறந்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.' புரூப் சாரின் பேனா நின்றது. அதே வாய்தான். அந்த வரியை மூன்று தடவை படித்தார். கருத்தாளின் நான்காம் அம்சம் தூக்கம் கூடாது என்கிறது. தன் வேலையைச் செய்தார். வரி போயிற்று. ஏதாவது வலிக்கும் என்று சற்று நேரம் காத்திருந்து பார்த்தார். ஒன்றும் வலிக்கவில்லை. பத்தாவது கதையை எடுத்தார்.

பன்னிரண்டாவது எழுத்தாளர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். விவாகரத்து வழக்கில் மும்முரமாக இருப்பதாகக் கடிதம் வந்தது. பன்னிரண்டு இதயங்கள் என்று பலகை வைத்துவிட்டுப் பதினொன்றோடு புத்தகம் போட முடியாது. அலுவலகமே ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, புரூப் சார் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினார். நாலு பக்கம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதினார். அலங்காரம் எதுவும் அவருக்குத் தெரியாது, போடவும் இல்லை. மறுநாள் இயக்குநர் மேஜையில் வைத்தார்.

இரண்டு நாள் கழித்து மூன்று பேரும் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

"எழுத்து சுத்தமா இருக்கு. பிழையே இல்ல," என்று ஆரம்பித்தார் இயக்குநர். "ஆனா பாருங்க, நாயகன் ஒண்ணுமே பண்ணலையே. சும்மா உட்கார்ந்திருக்கான்."

"உட்கார்ந்திருந்ததுதான் சார்..." என்று சொல்லிப் பார்த்தார் புரூப் சார்.

"என்னோட குறிப்பைச் சொல்லிடறேன்," என்றார் சீர்மை அதிகாரி. "பதினாறு அம்சத்துல பதினஞ்சு தப்பு. டோக்கன் நம்பர் மட்டும் சரியா இருக்கு. அது எங்கிருந்து கிடைச்சுது உங்களுக்கு?"

"இது எனக்கு நடந்தது சார்."

"அதான் பிரச்சினையே. நடந்ததுன்னு சொல்றவங்கதான் கருத்தாளை ரொம்ப மீறறாங்க. கற்பனையா எழுதறவங்க எவ்வளவு அடக்கமா எழுதறாங்க பாருங்க."

கரு மேடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், எனக்கு உங்க கஷ்டம் புரியுது. உங்க மிஸஸ் மேல எனக்கு மரியாதை உண்டு. அதனாலதான் சொல்றேன், அவங்களை எச்சில் ஒழுக விடாதீங்க," என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் இந்த இடத்தின் கொடுமை, எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள்.

நிலையத்தின் விதிப்படி கருத்தாளுக்குப் பொருந்தாத கதை மெய்ப்புத் திருத்துபவரிடம் திருத்தத்துக்குப் போகும். அந்த நாலு பக்கத்தையும் 'திருத்தி அனுப்பவும்' என்று முத்திரை குத்தி ஓர் உறையில் போட்டு, இயக்குநர் அறையிலிருந்து பதினைந்தடி தூரத்தில் இருந்த புரூப் சாரின் மேஜைக்கு அனுப்பினார்கள். அவர் உறையைப் பிரித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். எச்சிலை அடித்துக் கண்ணீர் என்று எழுதினார். பெஞ்சை அடித்து சோபா. தூங்கினாள் என்பதை அடித்து இடறினாள். பதினைந்து திருத்தம், ஓரத்தில் ஒழுங்காகக் குறி போட்டு, கீழே கையெழுத்து. இருபத்து மூன்று வருஷப் பழக்கம், கை பாட்டுக்கு ஓடியது. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்த மனிதரை உலுக்கிக் கேட்க வேண்டும் போல எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனால் மரத்துப்போன கன்னத்தைக் கிள்ளி என்ன பயன்?

"தொகுப்புலயே இதான் பெஸ்ட்," என்றார் இயக்குநர். வெளியீட்டு விழாவில் அதை அவரே வாசிக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று.

விழாவுக்கு நான்கு நாள் முன்னால் மகள் புத்தகத்தை மேஜையில் பார்த்தாள். ஒரு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அதை அவர் கவனிக்கவில்லை.

"அம்மா கதையாப்பா?"

"ம். கடைசியா இருக்கு. நான் எழுதினது."

"நீங்களே சொல்லுங்களேன். கேட்டு நாளாச்சு."

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. செம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார். "பல் டாக்டர் கிளினிக். அங்க ஒரு சோபா. அம்மா என் தோள்ல சாஞ்சு அழுதுட்டு இருந்தா. கண்ணீர்ல என் சட்டை..."

"அம்மா அழுதாங்களா?" மகள் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். "எதுக்குப்பா அழுதாங்க? தூங்கிட்டுதானே இருந்தாங்க? எச்சிதானே ஒழுகுச்சு?"

புரூப் சார் வாயை மூடினார். நாக்கு பொந்துக்குப் போயிற்று. எச்சில். ஆமாம், எச்சில்தான். அந்த ஈரத்தை நினைவுபடுத்திப் பார்த்தார். வெல்வெட் சோபாதான் வந்தது. அவள் முகத்தைக் கூப்பிட்டுப் பார்த்தார், கால் இடறி விழும் யாரோ ஒருத்தி வந்தாள். இருபத்தேழு வருஷம் பத்திரமாக இருந்ததைப் பதினைந்து சிவப்புக் கோட்டில் தன் கையாலேயே அடித்துவிட்டார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பயமாக இருந்தது. மனைவி இறந்த அன்றுகூட அவ்வளவு பயப்படவில்லை.

"பெஞ்சாம்மா, சோபாவா?" என்று மகளிடம் கேட்டார்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நீங்கதானே உட்கார்ந்திருந்தீங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

விழா காலை பதினொரு மணிக்கு. அன்று காலை ஏழு மணிக்கு மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஒரு கன்னம் ஊதி, கண் சிவந்திருந்தது.

"என்னம்மா இது? எத்தனை நாளா?"

"கடைவாய்ப் பல்லுப்பா. மூணு நாளா தூக்கமே இல்ல."

"சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே." கோபமாகச் சொல்லவில்லை. சும்மா ஒரு தகவல் போலச் சொன்னாள்.

விழா மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பல் ஆஸ்பத்திரி இருந்தது. அவளை அங்கே காட்டிவிட்டு அப்படியே மண்டபத்துக்குப் போய்விடலாம் என்று, விழாச் சட்டையைப் போட்டுக்கொண்டு புத்தகத்தோடு கிளம்பினார். இப்போதெல்லாம் கம்பவுண்டர் கூப்பிடுவதில்லை, சுவரில் மாட்டிய பெட்டியில் சிவப்பு விளக்கில் எண் வரும். மகளுடைய டோக்கன் நாற்பத்து ஒன்று. பத்தொன்பதாக இருந்திருந்தால் நிலையத்துக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஊசி போட்டு வெளியே அனுப்பினார்கள். உட்காருவதற்கு இரும்பு நாற்காலிகள், வரிசையாகக் கம்பியில் கோத்தவை. எண் முப்பத்தேழில் நின்றது.

கால் மணி நேரத்தில் மகளின் தலை ஆடியது. ஒரு தரம் முன்னால் போய் நிமிர்ந்தது. இன்னொரு தரம் பக்கவாட்டில் சாய்ந்து அவருடைய இடது தோளில் வந்து விழுந்தது, அப்படியே கிடந்தது. வளர்ந்த பெண்ணின் தலை இவ்வளவு கனம் என்று அவருக்கு மறந்திருந்தது.

பத்தே முக்காலுக்கு, இடது சட்டைப் பையில் இருந்த செல்போன் அதிர்ந்தது. வலது கையைக் குறுக்கே கொண்டுபோய், ஆளை அசைக்காமல், இரண்டு விரலால் எடுத்தார். இயக்குநர்.

"எங்க இருக்கீங்க? மேடை ரெடி. முதல் வாசிப்பே நீங்கதான். இருபது நிமிஷத்துல உங்க முறை!"

"பொண்ணு தூங்கறா சார்," என்றார் புரூப் சார், கிசுகிசுப்பாக.

"எழுப்பி விட்டுட்டு வாங்க!"

"மூணு நாளா தூங்கல சார்."

"யோவ், அவ்வளவு பேர் உட்கார்ந்திருக்காங்க! காதலைப் பத்திக் கேக்க வந்திருக்காங்க! நீங்க அங்க உட்கார்ந்துட்டு என்னதான் பண்றீங்க?"

புரூப் சாருக்கு அதற்கு ஒழுங்காக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் பண்ணல சார். சும்மா உட்கார்ந்திருக்கேன்," என்றார்.

போனைத் தொடையின் மேல் கவிழ்த்து வைத்தார். அது இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டது. அவர் வேறு யாருக்கோ வந்த அழைப்பு போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தோளில் சூடாக ஒன்று பட்டது. முதலில் சின்னதாக. பிறகு சட்டை ஒட்டிக்கொண்டு, பரவி, நெஞ்சுப் பக்கம் மெதுவாக இறங்கியது. இஸ்திரி போட்ட விழாச் சட்டை. அவர் கழுத்தைத் திருப்பவில்லை. திருப்பாமலே அந்தப் பெஞ்சு தெரிந்தது. ஒரு கால் குட்டையாக இருந்து, ஆடும் பெஞ்சு. அதற்கு அடியில் மடித்துச் செருகிய அட்டை. அவள் தலையில் தேங்காயெண்ணெய் வாசனை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. மூக்கு அடைத்துக்கொண்டது. குலுங்கினால் பெண் எழுந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அசையாமல் அழுதார். பதினோரு மாதத்துக்குச் சேர்த்து வைத்தது இப்போது ஒரு வருஷம் தாண்டியிருந்தது.

மண்டபத்தில் அதே நேரம் இயக்குநர் மைக்கைப் பிடித்து, கதாசிரியர் தம் கதையின் சோகம் தாங்காமல் கண்ணீரில் மூழ்கிவிட்டபடியால் வர இயலவில்லை என்று அறிவித்தாராம். கரு மேடம் அந்தக் கதையை வாசிக்க, சீர்மை அதிகாரி பக்கத்தில் நின்று பத்தொன்பது மூன்று தடவை வருகிறதா என்று விரல் விட்டு எண்ணினாராம். நல்ல கைதட்டல் என்று கேள்வி.

பெட்டியில் நாற்பத்து ஒன்று வந்து மணி அடித்தது. மகள் திடுக்கிட்டு நிமிர்ந்து, வாயைப் புறங்கையால் துடைத்தாள். அப்பாவின் தோளைப் பார்த்தாள், முகத்தையும் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள், மரத்த வாயில் பேச்சு வரவில்லை.

"போம்மா. நான் இங்கயேதான் இருப்பேன்," என்றார்.

அவள் உள்ளே போன பிறகு, தரையைத் துடைத்துக்கொண்டு வந்த அம்மாள் அவருடைய சட்டையைக் கவனித்து நின்றாள். "என்ன சார் இது, இவ்வளவு நனைஞ்சிருக்கு? அழுதீங்களா? கண்ணீரா?"

புரூப் சார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். வழக்கம்போல சிவப்புப் பேனா அங்கேதான் இருந்தது.

"இல்லம்மா," என்றார். "எச்சில். என் பொண்ணோடது."